மரத்துக்கு யோசனை சொல்பவர் யாருக்குப் பதில் சொல்வார்?

அப்பா காலமான பிறகு அவருடைய ஸ்டீல் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தோம். எல்ஐசி பாலிசிகளுக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில் ஒரு பத்திரம் அகப்பட்டது. பச்சைக் கரை போட்ட வழவழப்பான தாள், மேலே தேக்கு இலைப் படம், கீழே ரப்பர் ஸ்டாம்பு. 1996-இல் வாங்கியது. ‘உங்கள் பெயரில் ஒரு தேக்கங்கன்று வளரும், இருபது வருஷத்தில் வெட்டி விற்றுப் பணத்தைக் கையில் தருவோம்’ என்பதை ஒரு பக்கம் முழுக்க நீட்டி எழுதியிருந்தார்கள். கம்பெனி எப்போதோ கதவைச் சாத்திவிட்டது. கன்று என்று ஒன்று எங்காவது இருந்ததா என்பதே சந்தேகம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து வீட்டில் இந்தத் தாள் இருந்தது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதே கதைதான். இந்த மாதிரிக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1999-இல் விதிமுறை கொண்டுவந்தது. அதற்குள் போக வேண்டிய பணம் போய்விட்டது.

அப்பா ஏமாளி இல்லை. வீடு கட்டும்போது நிலைக்கு மரம் எடுக்க ஆசாரியைக் கூடவே அழைத்துப்போனவர். ஆசாரி கட்டையைத் தட்டிப் பார்த்து, வெட்டின முகத்தை விரலால் தடவி, “இதுல வைரம் கம்மி சார், வெள்ளைதான் ஜாஸ்தி” என்றால் பேரம்கூடப் பேசாமல் திரும்பிவிடுவார். பத்திரம் வாங்கும்போதுதான் தட்டிப் பார்க்க ஆள் இல்லை. இருந்திருந்தால் ஒரே கேள்வியில் விஷயம் வெளியே வந்திருக்கும்: இருபது வருஷத் தேக்கில் எவ்வளவு வைரம் பாய்ந்திருக்கும்? 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி தொடங்கிவைத்தது நிலம்பூர் தேக்குத் தோட்டம். அந்த வழியில் வந்த அரசுத் தோட்டங்களில் தேக்கை ஐம்பது, அறுபது வருஷம் நிற்கவிட்டு வெட்டுவதுதான் வழக்கம். வனவியல் படித்தவர் எவருக்கும் இது பால பாடம்.

சரி, வனவியல் படித்த அந்த ஒருவரை அப்பா எங்கே போய்த் தேடியிருப்பார்? கணக்குக்கு ஆடிட்டர் இருக்கிறார். உடம்புக்கு டாக்டர், வழக்குக்கு வக்கீல். மரத்துக்கும் மண்ணுக்கும் ஏரித் தண்ணீருக்கும் யார்? அப்படி ஒருவர் கிடைத்தாலும், அவர் சொல்வது தப்பாகப் போனால் யாரிடம் முறையிடுவது? இந்தக் கேள்விக்குச் சில நாடுகளில் கண்ட விடைதான் வனவியலிலும் மற்ற இயற்கை வளத் துறைகளிலும் இருக்கிற தொழில்முறைச் சங்கங்கள். நம் பக்கம் அதிகம் பேசப்படாத விஷயம் என்பதால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

சங்கம் என்றதும்

நமக்கு எல்லாமே சங்கம்தான். ரசிகர் மன்றத்தைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லை வைத்தே சமாளிக்கிறோம். அதனால் ஒரு உதாரணத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கடலோர மணலில் சவுக்குத் தோப்புகளைப் பார்க்காமல் போக முடியாது. மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். கழி கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும், பருத்த மரம் காகித ஆலைக்கு, மிலாறும் வேர்க்கட்டையும் அடுப்புக்கு. சவுக்கு விலை ஒரு வருஷம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மர வியாபாரிகள் சங்கம் கூடி, கொள்முதல் விலையை எப்படிச் சமாளிப்பது என்று பேசும். விவசாயிகள் சங்கம் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகும். வனத்துறை ஊழியர் சங்கத்துக்கு இதில் வேலையே இல்லை, அது சம்பளமும் பதவி உயர்வும் பார்க்கும். எல்லாம் அவரவர் நியாயம், குறை சொல்வதற்கில்லை.

தொழில்முறைச் சங்கம் கேட்கிற கேள்வி வேறு. ஒரே மணலில் திரும்பத் திரும்பச் சவுக்கு வைத்தால் மண் என்னாகும்? ஒரு ஊரில் நன்றாக வந்த ரகம் உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் நிற்குமா? நின்ற மரத்தைப் பார்த்தே இத்தனை டன் தேறும் என்று மதிப்புப் போடுகிறார்களே, அந்த மதிப்பை நேர்மையாகப் போட என்ன முறை? அப்புறம் முக்கியமானது, காசு கொடுத்துக் கூப்பிட்டவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால் உறுப்பினர் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

ஆடிட்டரை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அவருக்கு ஃபீஸ் கொடுப்பது நாம்தான். ஆனாலும் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டால், 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அவர்களுடைய அமைப்பு அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட முடியும். அந்தப் பயம் ஒருபக்கம், சக ஆடிட்டர்கள் முன்னால் மானம் போகுமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். தொழில்முறைச் சங்கத்தின் உயிர் இந்த இரண்டிலும் இருக்கிறது. இதழ் நடத்துவது, மாநாடு கூட்டுவது, பயிற்சி, விருது, அடையாள அட்டை எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை.

வனத்துறை என்கிற அரசு அலுவலகம் இந்த வகையில் வராது. அது ஒரு முதலாளி, சம்பளம் கொடுக்கிற இடம். புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதில் சேராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவர வரைபடங்களும் உலர்தாவரத் தொகுப்புமாக அங்கே பெரிய வேலை நடந்திருக்கிறது, ஆனால் அது ஆய்வு நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் ஒருவரும் வனத்துறை ரேஞ்சர் ஒருவரும் தனியாக நர்சரி நடத்தும் வனவியல் பட்டதாரி ஒருவரும் ஒரே மேசையில் சமமாக உட்காரும் இடம் எதுவோ அதுதான் தொழில்முறைச் சங்கம்.

ஏழு பேரும் சுட்ட ஆப்பிளும்

1900-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வாஷிங்டன் நகரம். கிஃபோர்ட் பின்ஷோ என்பவரும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து அமெரிக்க வனவியலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்ஷோ வசதியான வீட்டுப் பிள்ளை. கூட்டம் பெரும்பாலும் அவர் வீட்டிலேயே நடக்கும். வருகிறவர்களுக்குச் சுட்ட ஆப்பிள், இஞ்சி கேக், பால் கொடுப்பார்கள். அதனால் ‘சுட்ட ஆப்பிள் கிளப்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நம் ஊரில் டீயும் மசால்வடையும் செய்கிற வேலையை அங்கே ஆப்பிள் செய்திருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பின்ஷோ வனவியல் படித்தது பிரான்சில் நான்சி நகரப் பள்ளியில். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். இந்த பிராண்டிஸ்தான் 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக இருந்தவர். பர்மாத் தேக்கிலும் இந்தியக் காடுகளிலும் கற்றது அவர் வழியாக அமெரிக்கா போயிருக்கிறது. இத்தனைக்கும் அதற்கு முன்பே, 1875-இல், வில்லியம் ஷ்லிக் என்பவரை ஆசிரியராகக் கொண்டு ‘இண்டியன் ஃபாரஸ்டர்’ இதழ் இங்கே தொடங்கிவிட்டது. டேராடூனிலிருந்து இன்றும் வருகிறது. அதாவது அமெரிக்காவில் வனவியலாளர்கள் சங்கம் கூடுவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே இங்கே அவர்களுக்கு இதழ் இருந்தது. இதழ் முந்திக்கொண்டது. சங்கம் மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். வன ஆய்வு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு 1892-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் பிறந்தது. இப்போது தலைமையகம் வியன்னா. 1921-இல் லண்டனில் தொடங்கிய பேரரசு வனவியல் சங்கம் பின்னாளில் காமன்வெல்த் வனவியல் சங்கமானது. பிரிட்டனில் வனவியலாளர் அமைப்புக்கு 1982-இல் அரச சாசனம் கிடைத்து, சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் போலவே சார்ட்டர்டு ஃபாரஸ்டர் என்ற பட்டம் வந்தது. காட்டோடு நிற்கவில்லை. மீன்வளத்துக்கு 1870-லேயே அமெரிக்காவில் சங்கம் உண்டு, காட்டுயிர் மேலாண்மைக்கு 1937-இல் வந்தது. சீரழிந்த நிலத்தை மீட்பவர்களுக்கான உலகச் சங்கம் 1988-இல் வந்தது. அது மீட்புப் பணியாளர்களுக்குச் சான்றிதழும் வழங்குகிறது. ஆரோவில் பக்கம் வறண்ட செம்மண் மேட்டில் மழைநீரைத் தடுத்து, உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்ப வளர்த்தவர்களில் பலர் வனவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை, செய்து செய்து கற்றவர்கள். அப்படிப்பட்டவர்களை எந்தப் பெயரில் சேர்த்துக்கொள்வது என்பது இந்தச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு தலைவலி.

மரம் மறக்காது, ஃபைல் மறக்கும்

டாக்டர் தப்பு மருந்து கொடுத்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். காட்டில் செய்த தப்பு தெரிய ஒரு தலைமுறை ஆகும். அதற்குள் முடிவெடுத்தவர் மாற்றலாகி, ரிட்டயராகி, போயே சேர்ந்திருப்பார். வனவியலில் சங்கமும் இதழும் மற்ற தொழில்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான் என்பது என் எண்ணம். இதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள சதுப்புநிலக் காடு. 2022-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. படகில் போகிறவர்களுக்குத் தெரிவது தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னையும் அதற்குப் பின்னால் வெண்கண்டலும். தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அதே மரம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பார்கள். படகுக்காரர்கள் வழக்கமாகக் கூட்டிப்போகாத உட்பகுதிகளில் ஒரு காலத்தில் மொட்டைத் திட்டுகள் விரிந்து கிடந்தன.

1970-கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுக்கான பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு கூப்பை முழுக்க வெட்டுவார்கள். அது தானாகத் துளிர்க்கும், சுற்று முடிந்து திரும்ப வரும்போது மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டில் நடக்கிற கணக்கு. இங்கே மரங்கள் திரும்ப வரவில்லை. காரணம் கேட்டால், கிராமத்து மாடு மேய்கிறது, விறகு பொறுக்குகிறார்கள் என்று பழி சுற்றுவட்டார மக்கள் தலையில் விழுந்தது.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து தரையின் மட்டத்தை அளந்து பார்த்தார்கள். அப்போது தெரிந்தது வேறு. மரத்தை மொத்தமாக வெட்டியதும் சேறு வெயிலுக்குத் திறந்துகொண்டது. காய்ந்த சேறு அமுங்கி உள்வாங்கியது. விளிம்பு மேடாகவும் நடு பள்ளமாகவும், தாம்பாளம் போல ஆகிவிட்டது. ஓதத்தின்போது ஏறி வருகிற கடல்நீர், வற்றும்போது வெளியே வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. கண்டல் வகை மரங்கள் உப்பைத் தாங்குபவைதான், ஆனால் எதற்கும் ஒரு அளவு உண்டே. விழுந்த விதை முளைத்தவுடன் கருகியது. மாடு மேய்ந்தது சின்னக் காரணம், மண்ணின் வடிவம் மாறியதுதான் பெரிய காரணம்.

வைத்தியமும் அந்த வடிவத்திலேயே இருந்தது. பள்ளத்தின் நடுவே ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் தின்று முடித்த மீனின் முள் மாதிரி இருக்கும், அதனால் மீன்முள் கால்வாய் என்று பெயர். ஓத நீர் உள்ளே வந்து, திரும்ப வெளியே போகத் தொடங்கியதும் தேங்கின உப்பு கழுவிக்கொண்டு போனது. கால்வாய்க் கரைச் சரிவில் வெண்கண்டல் நட்டார்கள். வந்தது. சுற்றுக் கிராமத்தவர்களும் சேர்ந்து பராமரித்தார்கள். பின்னர் இதே முறை ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களுக்கும் போனது.

பிச்சாவரத்தில் வெட்டு நடந்த காலம் முழுக்க ஒவ்வொரு அதிகாரியும் தனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய வொர்க்கிங் பிளானை, அதாவது காட்டை எப்போது எப்படி வெட்டுவது என்ற திட்டத்தைப் பார்த்து நடந்திருப்பார். அதில் தப்புச் செய்தவர் என்று யாரையும் கை காட்ட முடியாது. இல்லாமல்போனது, ‘இங்கே திரும்ப வளரவில்லை, என்ன காரணம்?’ என்று ஒருவர் எழுத, ‘எங்கள் கரையிலும் அப்படித்தான், தரை மட்டத்தைப் பாருங்கள்’ என்று வேறு நாட்டிலிருந்து இன்னொருவர் பதில் எழுதுகிற ஏற்பாடு. 1990-இல் சதுப்புநிலக் காடுகளுக்கென்றே ஒரு உலகச் சங்கம் ஜப்பானின் ஒகினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அதன் முதல் தலைவர் எம்.எஸ்.சுவாமிநாதன். தோல்வியை எழுதிவைக்கவும் இடம் வேண்டும். அரசு ஃபைலில் தோல்வியை எழுதினால் மெமோ வரும். சங்கத்தின் இதழில் எழுதினால் அது ஆய்வுக் கட்டுரை.

சண்டை போடவும் ஒரு முறை

சுனாமிக்குப் பிறகு நடந்த ஒரு வாக்குவாதத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத தேதி. மறு வருஷமே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஒப்பிட்டு ஒரு ஆய்விதழில் எழுதினார்கள். கரையிலிருந்து தள்ளி, மேடாக, முன்னால் காடு நிற்கிற இடங்களில் சேதம் குறைவு என்பது அதன் சாரம். ஊர் முழுக்க ‘காடு காப்பாற்றியது’ என்று பேச்சு.

2006-இல் அதே இதழில் மூன்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். உங்கள் எண்களையே எடுத்துக் கணக்குப் போட்டோம், தூரத்தையும் மேட்டையும் கழித்துவிட்டால் காட்டின் பங்கு என்று மிஞ்சுவது சொற்பம் என்றார்கள். அதே வருஷம் இன்னும் இருவர், அதே எண்களை வேறு விதமாகப் பகுத்து, காட்டுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார்கள். எல்லாம் ஒரே இதழில். ஆற்று முகத்துவாரங்களையும் கரையோரக் கடலையும் ஆய்கிறவர்களின் சங்கத்தோடு சேர்ந்த இதழ் அது.

படிக்கிறவருக்கு எரிச்சலாக இருக்கலாம், கடைசியில் எதுதான் சரி என்று. என்னைக் கேட்டால் இந்த எரிச்சல்தான் ஆரோக்கியம். கரையெங்கும் சவுக்கு நடு என்று உத்தரவு போடுவதற்கு முன்னால், மேடான இடத்தில் வீடு கட்டுவது முதலா, மரம் நடுவது முதலா, மணல்மேட்டில் சவுக்கை நெருக்கி வைத்தால் பங்குனி ஆமை முட்டையிட எங்கே போகும் என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, எண்களை மேசை மேல் வைத்து மறுத்துக்கொள்ளும் இடம் அது. டிவி விவாதத்தில் இது நடக்காது.

நெறிமுறை என்ற காகிதம்

பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் என் சித்தப்பாவுக்கு முந்திரிக்கொல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அவர் தாத்தா காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலாவும் தப்பவில்லை. அடுத்த சில மாதங்களில் ஊருக்குள் ஆலோசகர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, முந்திரியை விடுங்கள், இனி மகோகனிதான் என்றார். மண்ணைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா பாதிக் கொல்லையில் வைத்தார். கன்று விற்ற நர்சரியில் அந்த ஆலோசகருக்குக் கமிஷன் உண்டென்பது மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது.

கமிஷன் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க வனவியலாளர் சங்கம் 1948-இல் தன் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். அதில் இன்றைக்கு உள்ள ஒரு விதி இதைத்தான் சொல்கிறது: சொந்த லாபமும் ஆலோசனை கேட்டவரின் நலனும் மோதுகிற இடம் இருந்தால் அதை ஒளிக்காமல் வெளியே சொல். தனக்குத் தெரியாத விஷயத்தில் தெரிந்த மாதிரி பேசாதே என்பது இன்னொன்று. மீறினால் விசாரணை, கண்டிப்பு, கடைசியில் நீக்கம்.

நெறிமுறையும் காலத்தோடு நகர வேண்டியிருக்கிறது. நிலத்தை வெறும் சரக்காகப் பார்க்காமல் நாமும் உறுப்பினராக இருக்கிற ஒரு சமூகமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர் ஆல்டோ லியோபோல்ட், அவரே ஒரு வனவியலாளர். அவர் இறந்த மறு வருஷம், 1949-இல், அந்த எழுத்து வெளிவந்தது. சங்கம் தன் நெறிமுறையில் நிலத்துக்கான கடமையைச் சேர்த்தது 1992-இல். நாற்பது வருஷத்துக்கு மேல். சங்கங்கள் மரத்தின் வேகத்திலேயே அசைகின்றன. இடையில் பொறுமை இழந்தவர்களும் உண்டு. 1989-இல் ஓரிகன் மாநிலத்தில் வனத்துறையில் மர விற்பனைத் திட்டம் போடுகிற வேலையில் இருந்த ஒருவர், வெட்டு அளவுக்கு மீறிப் போகிறது என்று சொல்லி, ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு அமைப்பே தொடங்கினார்.

இன்னொரு குறை, சங்கத்தில் சேர்வது விருப்பம் என்றால் நீக்குவதால் என்ன கெட்டுவிடும்? வெளியே போய் அதே வேலையைச் செய்யலாமே. இதனால் சில இடங்களில் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1947 முதலே வனவியலாளருக்குச் சட்டப்படியான பதிவு உண்டு. கலிஃபோர்னியா 1972-இல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு பெற்றவர் கையெழுத்தில்லாத மரவெட்டுத் திட்டம் அங்கே செல்லாது. நம் ஊரில் வீட்டு பிளானில் இன்ஜினியர் கையெழுத்து கேட்கிற மாதிரி.

இங்கே ஏன் இல்லை

டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஆர்க்கிடெக்டுக்கும், ஏன், கால்நடை மருத்துவருக்கும்கூடச் சட்டப்படி கவுன்சில் உண்டு. வனவியலாளருக்கு இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. பெரிய காரணம் ஒன்றுதான். இங்கே வனவியல் என்றால் அரசு வேலை. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய வனக்கல்லூரி ரேஞ்சர்களைப் பழக்கத் தொடங்கியது, 1966-இல் இந்திய வனப்பணி வந்தது. காட்டுக்குச் சொந்தக்காரரும் அரசு, வேலை கொடுப்பவரும் அரசு, நடத்தை விதி போடுபவரும் அரசு. அகில இந்தியப் பணியினருக்கான 1968-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்றே இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு அதிகாரி தன் துறை நட்ட மரம் தப்பு என்று எந்த மேடையில் எழுதுவார்? அதிகாரிகள் சங்கங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் முதலில் சொன்னேனே, பதவி உயர்வு வகை.

இந்தப் படம் இப்போது மாறிவருகிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்து வெளியே வருகிறவர்கள் எல்லோருக்கும் அரசு வேலை கிடைப்பதில்லை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிப்பவர்கள், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிப்பவர்கள் கதையும் அதுதான். கம்பெனிகளின் மரம் நடும் திட்டம், கார்பன் கிரெடிட் கணக்கு, நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடு, ஏரி மீட்பு என்று தனியார் வேலைகள் பெருகிவிட்டன. மரத்தைப் பற்றி யோசனை சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் அரசுக்கு வெளியே நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடத்தை விதியும் இல்லை, சங்கமும் இல்லை. தேக்குப் பத்திரக் காலத்தில் இருந்த அதே வெற்றிடம்.

மாணவர்கள் யாராவது இதைப் படித்தால்: பல உலகச் சங்கங்களில் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. இதழைப் படிக்கக் கிடைப்பது முதல் லாபம். மாநாட்டில் ஒரு மூலையில் போஸ்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து ‘இந்த உப்பளவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், ஓதம் ஏறும்போதா வற்றும்போதா?’ என்று கேட்டு உங்கள் ஆறு மாத வேலையைக் குடைந்துவிட்டுப் போவார். அது இரண்டாவது லாபம். அன்றைக்குத் தெரியாது.

உள்ளூரில் ஒன்றைத் தொடங்குவதுகூட மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்பது ஏழு பேரை. பின்ஷோ வீட்டில் கூடியதும் ஏழு பேர்தான். பதிவு செய்வது சுலபம். கூடியவர்களில் ஒருவர் தப்புச் செய்யும்போது மற்ற ஆறு பேரும் அவர் முகத்துக்கு நேரே சொல்வார்களா என்பதில்தான் அது சங்கமா, டீ குடிக்கிற இடமா என்று தெரியும். அப்புறம், கிள்ளைப் பக்கம் ஓதத்தைப் பார்த்தே சேற்றின் குணம் சொல்கிற இருளர் பெரியவருக்கு அந்த மேசையில் நாற்காலி உண்டா என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். உலகச் சங்கங்கள் பலவும் இதைத் தாமதமாகத்தான் யோசித்தன.

போன மாதம் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். ஏக்கருக்கு இத்தனை சந்தனக் கன்று, பன்னிரண்டு வருஷத்தில் கோடி. “அண்ணே, இது சரியா வருமா?” என்று கீழே கேட்டிருந்தான். எனக்குச் சந்தனம் தெரியாது. அதனால் விளம்பரம் கொடுத்தவரிடம் கேட்கச் சொல்லி மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: நீங்கள் என்ன படித்தீர்கள், கன்று விற்பதில் உங்களுக்குப் பங்கு உண்டா, நீங்கள் சொல்வது தப்பானால் நான் யாரிடம் புகார் கொடுப்பது? அவன் அப்படியே ஃபார்வர்டு செய்தான். அந்தப் பக்கம் இரண்டு டிக்கும் அன்றைக்கே நீலமாகிவிட்டதாம். பதில் இன்னும் வரவில்லை.